ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு

இரண்டு கீபோர்டும் 120 என்றுதான் காட்டின. ஊர்த் திருவிழா மேடை. கீழே இருந்த கீபோர்டில் டிரம் பேட்டர்ன் ஓடிக்கொண்டிருந்தது. மேல் ஸ்டாண்டில் இருந்த சிந்தசைசரில் இடது கையால் ஒரு கார்டைப் பிடித்து ஆர்ப்பெஜியோவை ஓடவிட்டிருந்தேன். பல்லவி முதல் வரி முடியும்வரை இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இழைந்து போயின. அனுபல்லவியில் ஏதோ உறுத்தியது. முதல் இடையிசை வருவதற்குள் ஆர்ப்பெஜியோவின் ஸ்வரங்கள் ஹை-ஹேட்டை முந்திக்கொண்டு விழ ஆரம்பித்தன. பக்கத்தில் ரிதம் பேட் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் குச்சியை நிறுத்தாமலே என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "தம்பி, நீ ஓடுறியா, நான் இழுக்குறேனா?"

நான் ஓடவில்லை. அவரும் இழுக்கவில்லை. கார்டிலிருந்து கையை எடுத்து ஆர்ப்பெஜியோவை நிறுத்திவிட்டு, மிச்சப் பாட்டை வெறும் கார்டுகளாகவே வாசித்து முடித்தேன். அன்று ராத்திரி வேனில் ஊர் திரும்பும்போது அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு திரையிலும் ஒரே எண் இருக்கும்போது தாளம் எப்படிப் பிரிந்தது?

ஆர்ப்பெஜியோ என்ற சொல் இத்தாலியர்களுடையது. அதன் வேர்ச்சொல்லான 'ஆர்ப்பா' என்பது ஹார்ப் என்ற நரம்புக் கருவியைக் குறிக்கும். நம்முடைய யாழும் அதே குடும்பம்தான். யாழில் நரம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வருடுவதைப்போல, ஒரு கார்டின் ஸ்வரங்களைச் சேர்த்து அடிக்காமல் வரிசையாக உதிர்ப்பதே ஆர்ப்பெஜியோ. சிந்தசைசரில் அந்த வேலையைக் கருவியே செய்கிறது. நாம் ஸ, க, ப என்று மூன்று கட்டைகளை அமுக்கிப் பிடித்தால் போதும். உள்ளே ஓடும் ஒரு கடிகாரம் தட்டத் தட்ட, ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். டிரம் பேட்டர்னும் அப்படித்தான். ஒரு ஆவர்த்தனத்தைப் பதினாறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் கிக், எதில் ஸ்னேர், எதில் ஹை-ஹேட் என்று எழுதி வைத்திருப்பார்கள். கடிகாரம் தட்டும்போதெல்லாம் ஒரு கட்டம் நகரும். ஆக, இரண்டும் எண்ணுகிற இயந்திரங்கள். அன்று மேடையில் என்னிடம் எண்ணுகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எண்ணுவது மற்றவர் காதில் விழவே இல்லை.

கணக்கைப் பார்ப்போம். 120 பிபிஎம் என்றால் நிமிடத்துக்கு 120 பீட், ஒரு பீட்டுக்கு 500 மில்லிவிநாடி. பீட்டுக்கு நான்காக ஓடும் ஆர்ப்பெஜியோவில் ஒரு ஸ்வரத்துக்கு 125 மில்லிவிநாடி. அன்று சிந்தசைசரின் டெம்போவை நான் எண்ணாகக் கொடுக்கவில்லை. டேப் பட்டனை விரலால் தட்டி வைத்திருந்தேன். திரை முழு எண்ணை மட்டுமே காட்டும் கருவி அது. உள்ளே 120.4 ஆக இருந்தாலும் வெளியே 120 என்றுதான் சொல்லும். அந்த 0.4 பிபிஎம் ஒரு நிமிடத்தில் 0.4 பீட் வித்தியாசமாகச் சேர்கிறது, அதாவது 200 மில்லிவிநாடி. முப்பத்தெட்டு விநாடிக்குள் ஆர்ப்பெஜியோ ஒரு முழு ஸ்வரம் முன்னால் போய்விடும். பல்லவி தாண்டி இடையிசை வருவதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்.

சரி, இரண்டிலும் துல்லியமாக 120.00 என்றே வைத்திருந்தால்? அப்போதும் விலகல் இருக்கும், மெதுவாக வரும், அவ்வளவுதான். இன்றைய கீபோர்டுகளின் கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை எண்ணி நேரம் சொல்கிறது. சாதாரணப் படிகம் பத்து லட்சத்துக்கு ஐம்பது என்ற அளவில் முன்பின்னாக இருக்கலாம். ஒன்று அந்த அளவு வேகமாகவும் இன்னொன்று அதே அளவு மெதுவாகவும் இருந்தால் நிமிடத்துக்கு 6 மில்லிவிநாடி பிரியும். ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 30 மில்லிவிநாடி. பழைய அனலாக் சிந்தசைசர்களின் நிலை இன்னும் மோசம். அவற்றில் ஆர்ப்பெஜியோ வேகத்தை ஒரு குமிழைத் திருகித்தான் வைக்க வேண்டும். அந்த வேகத்தைத் தரும் அலையியற்றி மேடை விளக்கின் சூட்டுக்கே வேகம் மாறும். ஒரு சதவீதம் மாறினால் பீட்டுக்கு 5 மில்லிவிநாடி. இருபத்தைந்தாவது பீட்டில் ஒரு ஸ்வரம் முழுதாக இடம் மாறியிருக்கும்.

30 மில்லிவிநாடியெல்லாம் காதுக்குத் தெரியுமா என்று கேட்கலாம். தெரியும். நன்றாகவே தெரியும். இரண்டு சுருக்கமான 'டிக்' ஒலிகள் ஒரு சில மில்லிவிநாடி இடைவெளியில் வந்தாலே, அது ஒற்றை ஒலி அல்ல என்பதைக் காது உணர்ந்துவிடும். எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல ஏறத்தாழ 20 மில்லிவிநாடி இடைவெளி வேண்டும். கிக்கும் ஆர்ப்பெஜியோவின் முதல் ஸ்வரமும் 5 மில்லிவிநாடி பிரிந்தால் தாளம் கெட்டதாகத் தோன்றாது. ஆனால் அந்த அடியில் இருந்த கெட்டித்தன்மை போய்விடும். 30-ஐத் தொட்டால் 'தட்' என்பது 'தடட்' ஆகிவிடும். டிரம்மர்கள் வேண்டுமென்றே இப்படி இரட்டையாக அடிப்பதை ஃப்ளாம் என்பார்கள். வேண்டாத இடத்தில் விழும் ஃப்ளாம் பாட்டின் முதுகெலும்பையே தளர்த்திவிடும். ஒன்றை இங்கே நினைவில் வைப்பது நல்லது. காற்றில் ஒலி ஒரு மில்லிவிநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் மானிட்டரிலிருந்து டிரம்ஸைக் கேட்டபடி வாசிப்பவருக்கு அது ஏற்கனவே 9 மில்லிவிநாடி தாமதமாகத்தான் வருகிறது. கருவிகளைச் சந்தேகிப்பதற்கு முன்னால் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொல்லையை முதலில் அனுபவித்தவர்கள் நம்மைவிட அரை நூற்றாண்டு மூத்தவர்கள். 1977-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலோட்டும் டோனா சம்மருக்காக 'ஐ ஃபீல் லவ்' பாடலைப் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய முழுப் பாட்டையும் ஒரு மோக் மாடுலர் சிந்தசைசரைக் கொண்டே கட்டினார்கள். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வர வரிசைதான் வரும். பேஸ் வரிசையைப் பதிந்துவிட்டு அதன்மேல் அடுத்த வரிசையைப் பதிய வேண்டும் என்றால், இரண்டாவது முறை ஓடும்போது வேகம் முதல் முறையோடு எப்படிப் பொருந்தும்? ராபி வெடல் என்ற பொறியாளர்தான் வழி சொன்னார். பதினாறு டிராக் டேப்பில் ஒரு டிராக்கைப் பாட்டுக்கென்று செலவழிக்காமல், சிந்தசைசர் ஓடும் துடிப்பையே அதில் பதிந்து வைத்தார். அடுத்தடுத்த வரிசைகளை வாசிக்கும்போது டேப்பிலிருந்து வரும் அந்தத் துடிப்பே கருவியைத் தள்ளிக்கொண்டு போயிற்று. டேப்பின் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் துடிப்பும் சேர்ந்தே மாறும். ஆகவே பிரிவதற்கு வழியே இல்லை. எனக்கு அந்தப் பாட்டில் பிடித்த இன்னொரு விஷயம், அதன் கிக் டிரம் மனிதக் காலால் அடிக்கப்பட்டது. மோக்கிலிருந்து மனதுக்குப் பிடித்த கிக் ஒலி கிடைக்காததால் கீத் ஃபோர்ஸி என்ற டிரம்மர் இயந்திரத்தோடு ஒட்டிப் பாட்டு நெடுக வாசித்தார்.

வெடல் கண்டுபிடித்த அந்த வழியில் இருக்கிறது முழு விஷயமும். இரண்டு கடிகாரங்களை ஒன்றுபோல ஆக்க முயலக் கூடாது. ஒரு கடிகாரத்தை அடக்கிவிட்டு இன்னொன்றின் துடிப்பை அதற்கும் கொடுக்க வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில் இதையே கம்பி வழியாகச் செய்தார்கள். ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் பின்புறம் டிரிக்கர் அவுட் துளைகள் உண்டு, அவற்றில் ஒன்று கௌபெல் ஒலிக்கானது. ஜூப்பிட்டர்-8, ஜூனோ-60 போன்ற சிந்தசைசர்களில் ஆர்ப்பெஜியோவுக்கு வெளிக் கடிகாரம் கொடுக்க ஒரு துளை இருந்தது. இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, கௌபெல்லின் சத்தத்தை அடியோடு இறக்கிவிடுவார்கள். பிறகு டிரம் பேட்டர்னில் எந்தெந்தக் கட்டங்களில் கௌபெல்லை எழுதுகிறோமோ அந்தக் கட்டங்களில் மட்டும் ஆர்ப்பெஜியோ ஒரு ஸ்வரம் நகரும். பதினாறு கட்டங்களிலும் எழுதினால் சீராக ஓடும். மூன்று எழுதி ஒன்றை விட்டால், ஆர்ப்பெஜியோவே தாளத்தோடு மூச்சு விட ஆரம்பிக்கும். கேட்காத ஒரு மணி, இன்னொரு கருவியைப் பாட வைக்கிறது! 1982-இல் டுரான் டுரான் குழுவின் 'ஹங்ரி லைக் த வுல்ஃப்' பாட்டு பிறந்ததே ஒரு 808-ஐயும் ஜூப்பிட்டர்-8-ஐயும் இப்படி இணைத்து விளையாடியதிலிருந்துதான். இன்றைய கருவிகளில் இதைவிட எளிய வழிகள் இருந்தாலும், ஆர்ப்பெஜியோவைத் தாளக்காரரே எழுதும் இந்த முறைக்கு ஈடான அழகை நான் இன்னும் கேட்டதில்லை.

சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கணக்கு வைத்திருந்தது. ரோலண்ட் கருவிகள் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பின, லின் டிரம் மெஷின் 48, ஓபர்ஹைம் 96. ஒன்றின் துடிப்பை இன்னொன்றுக்குக் கொடுத்தால் பாட்டு இரண்டு மடங்கு வேகத்திலோ பாதி வேகத்திலோ ஓடும். இந்த நிலையை மாற்ற ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் பாடுபட்டார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் நிறுவனம் தயாரித்த புரோஃபெட்-600-ஐயும் ரோலண்ட் தயாரித்த ஜூப்பிட்டர்-6-ஐயும் ஒரே கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். கருவிகள் பேசிக்கொள்ளும் அந்தப் பொது மொழிதான் மிடி. முப்பது ஆண்டு கழித்து, 2013-இல், இருவருக்கும் சேர்த்துத் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. நம் கீபோர்டின் பின்னால் ஐந்து துளைகளோடு இருக்கும் வட்டமான சாக்கெட்டும், யுஎஸ்பி கம்பிக்குள் ஓடும் மொழியும் அவர்கள் தந்தவையே.

மிடி எடுத்துக்கொண்ட எண் 24. அது நல்ல தேர்வு. 24-ஐ இரண்டாலும் வகுக்கலாம், மூன்றாலும் வகுக்கலாம், நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டாலும் வகுக்கலாம். பீட்டுக்கு இரண்டு அடி என்றால் 12 துடிப்புக்கு ஒன்று. நான்கு என்றால் 6 துடிப்புக்கு ஒன்று. மூன்று என்றால் 8. தகதிமி என்று நான்காகவும் தகிட என்று மூன்றாகவும் பீட்டை எந்தப் பின்னமும் இல்லாமல் பிரித்துவிடலாம். மேற்கத்திய நடன இசைக்கும் திரையிசைக்கும் அது தாராளமாகப் போதும்.

அந்தத் துடிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பலர் '120 என்ற எண்' என்பார்கள். அதுதான் இல்லை. மிடி கடிகாரச் செய்தி ஒரே ஒரு பைட். அதன் மதிப்பு எப்போதும் 248. அதில் வேகமும் இல்லை, பீட் எண்ணும் இல்லை. 'இப்போது' என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்வதில்லை. 120 பிபிஎம்மில் 20.83 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, விநாடிக்கு 48 முறை, இந்த 'இப்போது' வந்துகொண்டே இருக்கும். பெறுகிற கீபோர்டு இரண்டு துடிப்புக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளந்து வேகத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. வெளிக் கடிகாரத்தில் ஓடும் கீபோர்டின் திரை சில சமயம் 119, 120, 121 என்று தத்தளிப்பதைப் பார்த்துப் பயந்து போன நண்பர்கள் உண்டு. பயப்பட வேண்டியதில்லை. அந்த எண் அதன் ஊகம் மட்டுமே. ஸ்வரத்தை நகர்த்துவது துடிப்புதான், திரையில் உள்ள எண் அல்ல.

மிடி கம்பியில் விநாடிக்கு 31,250 பிட் போகும். ஒரு பைட்டுக்குத் தொடக்கக் குறி, முடிவுக் குறி சேர்த்துப் பத்து பிட், ஆகவே 0.32 மில்லிவிநாடி. நான்கு விரலால் ஒரு கார்டை அடித்தால், ஸ்வரத்துக்கு மூன்று பைட் வீதம் பன்னிரண்டு பைட் போக வேண்டும். அதற்கே ஏறக்குறைய 4 மில்லிவிநாடி ஆகிவிடும். அந்த நேரத்தில் கடிகாரத் துடிப்பு வரிசையில் நின்றால் தாளம் நடுங்கும். அதனால் மிடியை வகுத்தவர்கள் ஒரு சலுகை கொடுத்தார்கள்: கடிகாரச் செய்தி மற்ற எந்தச் செய்தியின் நடுவிலும் புகுந்து போகலாம். ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதைப்போல, பாதி சொல்லப்பட்ட ஸ்வரம்கூட ஒதுங்கி நின்று அதற்கு வழிவிடும். நாற்பது வருடத்துக்கு முன்பு, இவ்வளவு மெதுவான கம்பியை வைத்துக்கொண்டு, தாளம்தான் முதலில் என்று முடிவெடுத்தவர்களை நினைத்தால் எனக்கு நன்றி சுரக்கிறது.

வேனில் யோசித்த அந்த ராத்திரிக்கு அடுத்த ரிகர்சலுக்கு ஒரு மிடி கம்பியோடு போனேன். டிரம்ஸ் ஓடும் கீபோர்டின் மிடி அவுட்டிலிருந்து சிந்தசைசரின் மிடி இன்னுக்கு. முந்தையதில் கடிகாரத்தை வெளியே அனுப்பும் அமைப்பை இயக்கினேன். பிந்தையதில் கிளாக் என்ற இடத்தில் இன்டர்னல் என்றிருந்ததை மிடி என்று மாற்றினேன். அதே பாட்டு, அதே வேகம். ஐந்து நிமிடம் ஓடியும் மயிரிழை பிரியவில்லை. ஆனால் ஆர்ப்பெஜியோ ஹை-ஹேட்டுக்குச் சற்றுத் தள்ளியே, அதே அளவு தள்ளியே, கடைசிவரை வந்துகொண்டிருந்தது. பேட் அண்ணன் இந்த முறை சிரித்தார். "காலப்பிரமாணம் சரியாயிடுச்சுப்பா. எடுப்புதான் சரியில்ல."

அவர் முறையாக மிருதங்கம் படித்தவர். டெம்போ சின்க் என்ற ஒரே பெயரில் நாங்கள் குழப்பிக்கொண்டிருந்த விஷயத்துக்கு அவருடைய இசையில் தனித்தனிப் பெயர்கள் ஏற்கனவே இருந்தன. வேகம் காலப்பிரமாணம். தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்பது எடுப்பு. ஒரு பீட்டை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பது நடை. இவை மூன்றும் வேறு வேறு. ஒன்று பொருந்தினால் மற்றவையும் பொருந்திவிடும் என்று நினைப்பதுதான் கீபோர்டு வாசிப்பவர்கள் செய்யும் தவறு.

எடுப்பு ஏன் பிசகியது? பல சிந்தசைசர்களில் கீ சின்க் என்றொரு அமைப்பு இருக்கும். அது ஆனில் இருந்தால், விரல் கட்டையில் பட்ட அந்தக் கணமே ஆர்ப்பெஜியோ தன் முதல் ஸ்வரத்தைத் தொடங்கும். அதன்பின் வேகம் டிரம்ஸின் வேகம்தான். ஆனால் தொடக்கப் புள்ளி என் விரலுடையது. நான் 40 மில்லிவிநாடி தாமதமாக அமுக்கினால், பாட்டு முடியும்வரை அந்த 40 மில்லிவிநாடியைச் சுமந்துகொண்டு ஓடும். கீ சின்க்கை ஆஃப் செய்தால், ஆர்ப்பெஜியோ பின்னணியில் எண்ணிக்கொண்டே இருக்கும். நாம் எப்போது அமுக்கினாலும் தாளத்தின் அடுத்த கட்டத்துக்குக் காத்திருந்து அதில்தான் ஒலிக்கும். சில கருவிகளில் அடுத்த பீட் வரை காத்திரு, அடுத்த ஆவர்த்தனம் வரை காத்திரு என்றும் சொல்லி வைக்கலாம். நான் அதை ஆஃப் செய்தேன். அடுத்த முறை கார்டு பிடித்தபோது ஆர்ப்பெஜியோ ஹை-ஹேட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

டிரம்ஸை ஓடவிட்ட பிறகு கம்பியைச் செருகுவதும் இதே பிழையைக் கொண்டுவரும். தொடக்கத்தைச் சொல்லும் செய்தி மிடியில் தனியாக இருக்கிறது. அதன் எண் 250. அதற்கு அடுத்து வரும் முதல் துடிப்பே சமம், அதாவது ஆவர்த்தனத்தின் தொடக்கம். அந்தச் செய்தியைத் தவறவிட்ட கருவிக்கு வேகம் தெரியும். சமம் எங்கே என்று தெரியாது. ஆகவே எல்லாக் கம்பிகளையும் மாட்டிவிட்டு, டிரம்ஸை ஒருமுறை நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் அழுத்த வேண்டும்.

ஒரே கீபோர்டில் டிரம்ஸும் ஆர்ப்பெஜியோவும் இருந்தால் இந்தக் கம்பி வேலை எதுவும் இல்லை. உள்ளே கடிகாரம் ஒன்றுதான், பிரியவே பிரியாது. எடுப்பும் நடையும் மட்டும் அங்கேயும் நம் பொறுப்பு. இப்படி ஒரே கீபோர்டு வைத்திருக்கும் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் கொண்டுவரும் ஒரு சந்தேகம் இருக்கிறது: "எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கேன், ஆனா தாளத்தோட ஒட்ட மாட்டேங்குது அண்ணா." போய்ப் பார்த்தால் எந்த அமைப்பிலும் பிழை இருக்காது. அவர்கள் பிடித்திருப்பது மூன்று ஸ்வரக் கார்டாக இருக்கும். ஸ, க, ப என்று கீழிருந்து மேலாக, பீட்டுக்கு நான்கு ஸ்வரம் ஓடினால் என்ன ஆகும் என்று வாயால் சொல்லிப் பாருங்கள். ஸகபஸ, கபஸக, பஸகப. முதல் பீட் ஸ-வில் விழும், இரண்டாவது க-வில், மூன்றாவது ப-வில். மூன்று பீட்டுக்கு ஒருமுறைதான் ஸ பீட்டைத் தொடும். நான்கு பீட் ஆவர்த்தனத்தின் சமத்தை ஸ மீண்டும் தொட மூன்று ஆவர்த்தனம் ஆகும். இது நான்காக நடக்கும் சதுஸ்ர நடையில் தகிட தகிட என்று சொற்கட்டு போடுவதற்குச் சமம். தெரிந்து செய்தால் அது அலங்காரம். தெரியாமல் செய்தால் குழப்பம்.

தீர்வு விரலில் இருக்கிறது. மேல் ஸ்தாயி ஸ-வையும் சேர்த்து நான்காகப் பிடித்தால் ஒவ்வொரு பீட்டும் ஸ-வில் தொடங்கும். அல்லது ஆர்ப்பெஜியோவை மேலும் கீழுமாகப் போகும் வகைக்கு மாற்றினால் ஸ, க, ப, க என்று மூன்று ஸ்வரமே நான்காகிவிடும். அதுவும் வேண்டாம் என்றால் நடையையே மாற்றி, பீட்டுக்கு மூன்று ஸ்வரம் என்று வைக்கலாம். அப்போது டிரம்ஸும் திஸ்ரத்தில் நடப்பதாக இருந்தால் கேட்க இனிமையாக இருக்கும்.

ஸ்விங் என்ற குமிழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிடி அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ரோஜர் லின் தன் டிரம் மெஷின்களில் பழக்கப்படுத்திய விஷயம் இது. கால் பீட் அடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு இணையிலும் இரண்டாவதைச் சற்றுத் தாமதமாக்குவது. 50 சதவீதம் என்றால் இரண்டும் சமம். 120 பிபிஎம்மில் 62 சதவீதம் வைத்தால் 250 மில்லிவிநாடி இணை 155, 95 என்று பிரியும். டிரம்ஸில் 62 வைத்துவிட்டு ஆர்ப்பெஜியோவை 50-லேயே விட்டால், ஒன்றுவிட்டு ஒரு ஸ்வரம் 30 மில்லிவிநாடி முந்தி விழும். கடிகாரம் ஒன்று, எடுப்பு ஒன்று, ஆனாலும் ஃப்ளாம். இரண்டு கருவியிலும் கையால் ஒரே எண்ணை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மனிதர் வாசிக்கும் டிரம்ஸோடு ஆர்ப்பெஜியோவை ஓட்டுவது வேறு கதை. டேப் பட்டனைத் தட்டி அவரோடு ஒட்டிவிடலாம் என்று தோன்றும். நான்கு தட்டல் என்றால் மூன்று இடைவெளி, ஒன்றரை விநாடி. கடைசித் தட்டல் 10 மில்லிவிநாடி பிசகினாலே வேகம் 0.67 சதவீதம் மாறும். பதினாறு ஆவர்த்தனத்தில், அதாவது முப்பத்திரண்டு விநாடியில், 200 மில்லிவிநாடிக்கு மேல் விலகிவிடும். எத்தனை முறை தட்டினாலும் இது முழுதாகச் சரியாகாது, ஏனென்றால் இயந்திரம் எண்ணும், கேட்காது. கேட்கத் தெரிந்தவர் டிரம்மர்தான். அவர் காதில் ஒரு இயர்போனைக் கொடுத்து, கீபோர்டின் கிளிக்கை அதில் விட வேண்டும். மியூனிக்கில் கீத் ஃபோர்ஸி செய்ததும் இயந்திரத்துக்குக் காது கொடுத்ததுதான்.

எல்லாம் சரியான பிறகு ஒருநாள் ரிகர்சலில் பேட் அண்ணன் கேட்டார்: "இது கண்ட நடைக்கு வருமா தம்பி?"

கண்டம் என்றால் பீட்டுக்கு ஐந்து. தகதகிட. 24-ஐ ஐந்தால் வகுத்தால் 4.8. முதல் அடியைத் தவிர எந்த அடியும் துடிப்பின்மேல் விழாது. மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. இவற்றாலும் 24 மீதியின்றி வகுபடாது. மிடியின் எண்ணைத் தேர்ந்தெடுத்தவர்களின் காதில் நம் ஐந்து நடைகளில் சதுஸ்ரமும் திஸ்ரமும் மட்டுமே இருந்திருக்கின்றன. ஐந்துக்கும் பொதுவாக மீதியின்றி வகுபட வேண்டுமானால் பீட்டுக்கு 1,260 துடிப்பு வேண்டும். இன்றைய பல கருவிகளும் கணினி மென்பொருள்களும் உள்ளுக்குள் பீட்டை 480-ஆகவோ 960-ஆகவோ பிரித்து எண்ணுகின்றன. அந்த எண்கள் ஐந்துக்கு வழிவிடும், ஏழுக்கும் ஒன்பதுக்கும் விடாது. அதுவும் பெரும்பாலான கீபோர்டுகளின் ஆர்ப்பெஜியோ பட்டியலில் 'பீட்டுக்கு ஐந்து' என்ற தேர்வே கிடையாது.

அண்ணனும் நானும் அன்று உட்கார்ந்து வேறு வழி கண்டோம். இயந்திரத்தின் பீட்டை மறந்துவிட வேண்டும். அதன் கால் பீட்டை, அந்த 6 துடிப்புத் துண்டை மட்டும், நம் அட்சரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஐந்து துண்டு சேர்ந்தால், 30 துடிப்பு, பாடுகிறவரின் ஒரு பீட். பாடுகிறவரின் வேகம் நிமிடத்துக்கு 80 என்றால் இயந்திரத்தில் அதை நான்கால் வகுத்து ஐந்தால் பெருக்கி 100 என்று வைக்க வேண்டும். தாள அமைப்பை ஐந்துக்கு நான்கு என்று மாற்றினால் பேட்டர்னில் இருபது கட்டம் கிடைக்கும். நம் கணக்கில் அது நான்கு பீட். கிக்கை 1, 6, 11, 16-ஆம் கட்டங்களில் எழுதினோம். ஸ்னேரைத் தகதகிடவின் 'தகிட' தொடங்கும் இடங்களில், 3, 8, 13, 18-இல், மெதுவாக வைத்தோம். இயந்திரத்தின் சொந்த மெட்ரோனோமை அணைத்தோம். அது இனி நம்மைக் குழப்ப மட்டுமே செய்யும். மிஸ்ரத்துக்கும் இதே கணக்குதான்: நான்கால் வகுத்து ஏழால் பெருக்கினால் 140, இருபத்தெட்டு கட்டம்.

பிறகு ஆர்ப்பெஜியோவைக் கீழிருந்து மேல் என்று வைத்து, கீ சின்க்கை அணைத்து, வலது கையின் ஐந்து விரலாலும் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களைப் பிடித்தேன். ஸ, ரி, க, ப, த. அண்ணன் ஸ்டார்ட்டை அழுத்தினார். ஒவ்வொரு கிக்கின்மேலும் ஸ வந்து விழுந்தது. அவர் பேட் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.